துடுப்புகள் எண்ணப்பட்டதைப் பேச்சு மண்டபத்துக்கு அறிவிக்கும் ஓலை

நலம் ஓங்குக. ஆறு வற்றாதிருக்க. கரை உடையாதிருக்க.

நெடும்புனல் ஆற்றின் இரு கரைக்கும் காவலரும், ஏழு துறைக்கும் உரியவரும், புனற்கரை நாட்டை ஆளும் பதினோராம் ஆண்டில் இன்று பனைமேட்டுத் துறையின் மணலில் பாய் விரித்து அமர்ந்திருப்பவருமாகிய அரசி எழினி நங்கையார், மருதந்துறைப் பேச்சு மண்டபத்தில் பத்தொன்பது மாதங்களாகச் சோர்வு என்பதே அறியாமல் வீற்றிருக்கும் பேரமைச்சர் கூத்தன் வளவதரையருக்கு விடுக்கும் திருமுகம்.

உமது மண்டபத்துக்கு எம் வாழ்த்து. அதன் தூண்கள் நிலைக்க. அதன் திண்டுகள் அமுங்காதிருக்க. அதன் மடைப்பள்ளியில் மதிய உணவுக்குப் பின் பாயசம் ஒருநாளும் தவறாதிருக்க. ஓடக்காரர் சங்கத் தலைவர் நக்கன் பெருங்காடனாரும் உம்மோடு நலமாயிருப்பார் என்று நம்புகிறோம். உமக்கு எதிர்த் திண்டில் சாய்ந்து, நீர் உண்ணும் அதே பாயசத்தை உண்டு, உம்மோடு மிகக் கடுமையாக மாறுபட்டுக்கொண்டிருக்கும் அப்பெரியவருக்கு இம்மாதங்களில் உடம்பு நன்றாகத் தேறியிருப்பதாகக் கேள்வி. மகிழ்ந்தோம்.

நீர் விடுத்த நாற்பத்திரண்டு ஏட்டுத் திருமுகம் நான்கு நாள்களுக்கு முன் எம்மிடம் வந்து சேர்ந்தது. அதற்கான மறுமொழி இது. இவ்வோலை ஆவணக் களரியில் வைக்கப்பட்டுப் பிற்காலத்தாராலும் படிக்கப்படும் என்பதால், நடந்தவை அனைத்தையும் தொடக்கத்திலிருந்தே சொல்கிறோம். உமக்குத் தெரிந்தவற்றையும் சொல்வோம், பொறுத்தருள்க. உமக்குத் தெரியாதவை அவற்றைவிட மிகுதி.

எம் நாட்டின் ஏழு துறைகளிலும் அரசுப் பணியாய் ஓடம் செலுத்துவோர் முந்நூற்றுப் பன்னிருவர். அவர்களுக்கும் அரசுக்கும் இடையிலான பணி உடன்படிக்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது வழக்கம். முந்தைய உடன்படிக்கை, சென்ற கார்த்திகைக்கு முந்தைய கார்த்திகையில் முடிந்தது. அப்போது ஓடக்காரர் புதிதாய்க் கேட்டது ஒன்றே ஒன்று: புதுவெள்ளம் பாயும் மாதங்களில் ஓடத்துக்கு ஓராள் போதாது, இரண்டாள் வேண்டும். இதைச் சொல்ல அவர்களுக்கு எடுத்த நேரம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். இதற்கு மறுமொழி சொல்வதற்காக நீரும் உமது குழுவினர் பதின்மரும், சங்கத்தின் சார்பில் பெருங்காடனாரும் அவருடைய குழுவினர் ஐவரும் மருதந்துறை மண்டபத்துக்குள் சென்றீர்கள். இன்றுவரை எவரும் வெளியே வந்ததாகத் தெரியவில்லை.

நிற்க. ஓடக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வரும் நாள்களில் ஒவ்வொரு காலையும் துறையில் கூடி, அவரவர் துடுப்பை மணலில் நாட்டுவார்கள். துடுப்பின் அகன்ற முனையாகிய இலை மேலே நோக்க நாட்டினால் ஓடம் விடலாம் என்று பொருள். இலையை மணலில் புதைத்து நாட்டினால் வேண்டாம் என்று பொருள். எது மிகுதியோ அதன்படி நடக்கும். வேண்டாம் என்று முடிந்தால் அரசியே கரையில் காத்திருந்தாலும் ஓடம் அசையாது. எம் பாட்டனார் ஒருமுறை மூன்று நாள் அப்படிக் காத்திருந்தார். எண்ணுவதற்கும் அவர்களிடம் ஒரு முறை உண்டு. ஆற்றுக்கு ஆளைப் பறிகொடுத்த வீட்டைச் சேர்ந்தவர்தான் துடுப்புகளைத் தொட்டு எண்ண வேண்டும். அந்தக் கை கூட்டியும் எண்ணாது, குறைத்தும் எண்ணாது என்பது அவர்கள் துணிவு.

நீரும் பெருங்காடனாரும் மண்டபத்தில் அமர்ந்த முதல் நாளே செய்த முதற்செயல், பேச்சு முடியும்வரை எத்துறையிலும் துடுப்பு நாட்டுதல் கூடாது என்று தடை எழுதியதாகும். பேச்சுக்கு இடையூறு வரலாகாதாம். மண்டபத்தின் அமைதி குலையலாகாதாம். அத்தடை ஓலைக்கு முத்திரையிட்டவர் யார் என்று தேடவேண்டாம். அது எம் முத்திரை. முன்னுரையைப் படித்தோம், உமது கையெழுத்தைப் பார்த்தோம், முத்திரையை அழுத்தினோம். அந்த ஓர் அழுத்தலுக்காக நாம் வெட்கப்படுகிறோம் என்பதை ஒளிக்காமல் எழுதச் சொல்லி எழுத்தருக்கு ஆணையிட்டிருக்கிறோம்.

ஏனெனில் ஒன்பதாம் மாதத்தில் ஆடி வந்தது. ஆடிக்கு உமது பேச்சுவார்த்தை பற்றி எவரும் அறிவிக்கவில்லை போலும். வழக்கம்போல் வெள்ளத்தோடு வந்தது. வேண்டாம் என்று சொல்லும் வழக்கத்துக்குத் தடை இருந்தபடியால், பனைமேட்டுத் துறையில் ஒற்றையாளாய் ஓடம் செலுத்திப் போனவர்களில் இருவர் திரும்பவில்லை. அவர்களுள் ஒருவன் பெயர் கடுவன். அவன் மனைவி சேந்தி. கணவனின் துடுப்பை எடுத்துக்கொண்டு அதே துறையில் இப்போது அவள்தான் ஓடம் செலுத்துகிறாள். அந்நாளைய மண்டபக் குறிப்பை வரவழைத்துப் பார்த்தோம். அதில் எழுதியிருப்பது இது: மழை மிகுதியால் திண்டுகள் நனைந்தபடியால் இன்றைய அமர்வு ஒத்திவைக்கப்பட்டது.

திண்டுகள் காய்ந்திருக்கும் என்று நம்புகிறோம்.

இனி உமது பேச்சின் விளைவைக் காண்போம். நூற்று நாற்பத்தேழு அமர்வுகளுக்குப் பின் நீங்கள் இரு தரப்பாரும் சேர்ந்து ஒரு வரைவு செய்திருக்கிறீர்கள். அதன்படி அரண்மனைத் துறை, கோயில் துறை, சந்தைத் துறை ஆகிய மூன்றில் மட்டும் வெள்ளக் காலத்தில் ஓடத்துக்கு இரண்டாள். மற்ற நான்கு துறைகளில் கடப்போர் ஆடு மேய்ப்போரும் விறகு சுமப்போருமே ஆகையால், ஆறு அங்கே அவ்வளவு ஆழமாய் இராது என்று முடிவு செய்தீர்கள் போலும். இதில் உங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நான்காம் மாதத்திலேயே ஒப்புக்கொண்டாயிற்று. மிச்சமிருந்த பதினைந்து மாதங்களும் நீங்கள் வாய் வலிக்க வழக்காடியது, அந்த இரண்டாம் ஆளை நியமிக்கும் உரிமை அமைச்சருக்கா சங்கத் தலைவருக்கா என்பது பற்றி. உமது தங்கை மகன்கள் எத்தனை பேர், அவருடைய மைத்துனர்கள் எத்தனை பேர் என்பதை நாம் இங்கே ஆராயப் போவதில்லை.

இதற்கிடையில் ஓடக்காரர் பெருங்காடனாரிடம் ஆளனுப்பி, அந்த வரைவை எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஏற்பதா தள்ளுவதா என்று துடுப்பு நாட்டிச் சொல்லிவிடுகிறோம் என்று வேண்டினார்கள். அவர், பழம் இன்னும் கனியவில்லை என்றார். மாசியில் கேட்டார்கள்; கனியவில்லை. சித்திரையில் கேட்டார்கள், தலைவர் உறங்குகிறார் என்று வாயிற்காவலன் சொன்னான். வைகாசியில் உம்மிடமே வந்து கேட்டார்கள். நீர், இத்தகைய நுட்பமான பொருளில் முடிவு சொல்லும் பயிற்சி துடுப்புப் பிடிப்போருக்கு இல்லை என்று அன்புடன் அறிவுறுத்தி அனுப்பினீர். அதன் பிறகு நடந்ததுதான் வியப்பு. பத்தொன்பது மாதங்களில் வெயில் அடிக்கிறதா என்பதில்கூட ஒத்துப்போகாத நீரும் பெருங்காடனாரும், ஓடக்காரருக்கு வாக்கு வேண்டியதில்லை என்னும் ஒரே பொருளில் ஒரே பிற்பகலில் ஒத்துப்போய், ஒரே ஏட்டில் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டு எமக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறீர்கள். உங்களால் உடன்படவே முடியாது என்று எண்ணியிருந்த எமக்கு இது பேரின்பம். கையெழுத்துகள் இரண்டும் மிக அழகு.

அவ்விண்ணப்பத்தோடு இணைத்து, பனைமேட்டுத் துறையில் முந்நூறு பேர் ஈட்டி நாட்டிப் பாசறை அமைத்திருக்கிறார்கள், கிளர்ச்சி மூண்டுவிட்டது, இருநூறு குதிரை வீரரை உடனே அனுப்புக என்றும் எழுதியிருந்தீர். இச்செய்தியை உமக்குக் கொண்டுவந்தவன் மண்டபத்துக்கு வெற்றிலை வாங்கப் போனவன் என்றும், எதிர்க்கரையில் நின்று பார்த்தான் என்றும் விசாரித்து அறிந்தோம். ஆயினும் அமைச்சர் சொல்லைத் தட்டலாகாது. ஆகவே இருநூறு குதிரைகளோடு நாமே புறப்பட்டோம்.

பனைமேட்டை நாங்கள் அடைந்தபோது உச்சி வெயில். மணலில் முந்நூற்றுப் பன்னிரண்டு துடுப்புகள் இலை மேல்நோக்க நின்றன. அவற்றின் அடியில் கிளர்ச்சிக்காரர்கள் வெங்காயம் கடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் அவர்கள் எடுத்த முதல் ஆயுதம் தோண்டி; குதிரைகள் தாகத்தோடு வந்திருக்கும் என்று நீர் மொண்டு வைத்தார்கள். படைத்தலைவர் வாளில் வைத்த கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே நின்றார். அமைச்சரே, உமது கையால் நீர் தடை செய்த ஒன்றை, அது மணலில் நிற்கக் கேட்டபோது ஈட்டி என்று நம்பினீர். மண்டபத்திலிருந்து துறைக்கு நாற்பது படிகள். பத்தொன்பது மாதத்தில் ஒருமுறையேனும் இறங்கியிருந்தால் துடுப்பு எப்படியிருக்கும் என்று கண்டிருப்பீர்.

இவர்களின் தலைவர் யார் என்று கேட்டோம். தலைவர் மண்டபத்தில் இருக்கிறார் என்றார்கள். இங்கே பேசுவோர் யார் என்று கேட்டோம். துடுப்பு எண்ணும் பெண்ணைக் காட்டினார்கள். அவள்தான் சேந்தி. வரைவை ஏற்பதா தள்ளுவதா என்று தாங்களே சொல்லவேண்டும் என்பதற்காக இத்துடுப்புகள் நாட்டப்பட்டன என்றும், முந்நூற்றுப் பன்னிரண்டும் அதற்கு இசைந்து நிற்கின்றன என்றும், தடையை மீறியதற்கு என்ன தண்டனையோ அதைத் தனக்குத் தரலாம் என்றும் அவள் சொன்னாள். உங்களுக்காகத்தானே பெரியோர் மண்டபத்தில் பேசுகிறார்கள் என்று நாம் கேட்டதற்கு அவள் சொன்ன மறுமொழியை எழுத்தர் செந்தமிழாக்க முற்பட்டார். தடுத்துவிட்டோம். சொன்னபடியே கேளும்:

“ஆத்துல எறங்குறது நாங்க தாயீ. போயி வராம கெடக்குறதும் நாங்கதான். சரி, வேணாம்னு சொல்ற வாய் மட்டும் எதுக்கு இன்னொருத்தர்ட்ட இருக்கணும்?”

கடுவனின் பெயரைச் சொல்லி, தடை ஓலையில் முத்திரையிட்டது எம் கையே என்று சொல்லி, பிழை பொறுக்கக் கேட்டோம். அவள் பொறுத்ததாகச் சொல்லவில்லை. தலையை அசைத்துவிட்டு அடுத்த துடுப்பைத் தொட்டு எண்ணப் போனாள்.

வாக்கெடுப்பை அங்கேயே நடத்த ஆணையிட்டோம். நீர் இணைத்தனுப்பிய வரைவை எம் எழுத்தர் உரக்க வாசித்தார். நுட்பமான பொருள் என்று நீர் அஞ்சியது போலவே, அவர்களுக்குப் புரியாத இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. இரண்டாம் ஆளை நியமிக்கும் உரிமை பற்றிய பதினேழு ஏடுகளை வாசித்தபோது, இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். எம் எழுத்தருக்கும் விளக்கத் தெரியவில்லை.

இவ்விடத்தில் எம் அறிவுக் கூர்மையையும் சொல்லிவிடுகிறோம். உம்மை மட்டும் நகைப்பது முறையன்று. வரைவை அவர்கள் ஏற்பார்கள் என்றே நாம் உறுதியாய் நம்பினோம். இரண்டாள் கிடைக்கப்போகும் மூன்று துறைகளில் இருப்போர் நூற்றெழுபது பேர். கிடைக்காத நான்கில் நூற்று நாற்பத்திரண்டு பேர். விரல் விட்டுப் பார்த்தோம். ஏற்கப்படும், நாம் பெருந்தன்மையோடு வாழ்த்துவோம், மற்ற நான்கு துறையாருக்கு அடுத்த ஐந்தாண்டில் பார்த்துக்கொள்வோம் என்று ஆறுதல் கூறுவோம். அந்த ஆறுதல் உரையை மனத்துக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டோம். நல்ல உரை. வீணாயிற்று.

துடுப்புகளைப் பிடுங்கி மீண்டும் நாட்டினார்கள். சேந்தி வரிசை வரிசையாய் நடந்து ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்து எண்ணினாள். இலை மேலே நின்றவை நாற்பத்தொன்று. மணலில் புதைந்தவை இருநூற்று எழுபத்தொன்று. வரைவு தள்ளப்பட்டது. அரண்மனைத் துறையில் எம்மையே பலமுறை அக்கரை சேர்த்த ஆதன் என்பவனும் இலையைப் புதைத்திருந்தான். உனக்குத்தான் இரண்டாள் கிடைக்கிறதே, ஏன் தள்ளினாய் என்று அவனைக் கேட்டோம். “எனக்கு ஆள் வந்துரும் தாயீ. பனைமேட்டுல ஒத்தையில போறவன் எங்க சித்தப்பன் மகனாச்சே” என்றான். அவனோடு பதினோராண்டு ஆற்றைக் கடந்திருக்கிறோம். அவனுக்குச் சித்தப்பா மகன் இருக்கிறான் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

அதன்பின் புதிய உடன்படிக்கை ஒன்றை எழுதச் செய்தோம். ஒரே ஏடு. வெள்ளக் காலத்தில் ஏழு துறைகளிலும் ஓடம் ஒன்றுக்கு இரண்டாள். இரண்டாம் ஆளை அந்தந்தத் துறையாரே துடுப்பு நாட்டித் தெரிந்தெடுப்பர். எழுதி, வாசித்து, நாட்டி, எண்ணி முடிப்பதற்குள் ஓர் உலைச் சோறு வெந்திருக்கும். முந்நூற்று எட்டு துடுப்புகள் மேலே நோக்கின. நான்கு புதைந்தன. நால்வரும் மறுத்த காரணம், தங்கள் ஓடம் மிகச் சிறிது, இரண்டாள் ஏறினால் பயணிக்கு இடமிராது என்பது. தச்சரை அழைத்து அளந்தோம், சொன்னது மெய். நூற்று நாற்பத்தேழு அமர்வுகளில் ஓடத்தின் அளவை எவரும் கேட்கவில்லை என்பதும் இதனால் தெரிந்தது. அந்நால்வருக்கும் புது ஓடம் செய்ய மரம் அறுபட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே, பேரமைச்சரே, இவ்வோலையை நீர் படிக்கும் இவ்வேளையில் உமது பேச்சுவார்த்தை முடிந்து ஒருநாள் ஆயிற்று. நீங்கள் நூற்று நாற்பத்தெட்டாம் அமர்வில் இருந்தால், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

இனி எம் ஆணைகள். துடுப்பு நாட்டுதல் மீதான தடை இன்றோடு அழிந்தது. இனி எக்காலத்தும், எவர் எங்கே பேசிக்கொண்டிருந்தாலும், அவ்வழக்கம் தடுக்கப்படலாகாது. அரசுப் பணியில் இருப்போர் எவரையும், தம் பணி பற்றிய எந்த உடன்படிக்கையும் தம் வாக்கின்றிக் கட்டுப்படுத்தாது. பெருங்காடனார் சங்கத் தலைவராய்த் தொடர்வதா என்பதைச் சங்கத்தார் நாட்டிச் சொல்வர். அதில் எமக்குக் கருத்து இல்லை, ஆவல் மட்டும் உண்டு. மருதந்துறை மண்டபம் ஓடம் பழுதுபார்க்கும் கூடமாக்கப்படும். தச்சருக்கு நிழல் போதவில்லை என்று கேள்விப்பட்டோம்.

ஆடி பிறக்க இன்னும் பதினெட்டு நாள்களே உள்ளன. அதற்குள் இரண்டாம் ஆட்களைத் திரட்ட ஊர் ஊராய்ப் பறையறைவித்தோம். நீந்தத் தெரிந்தோர் பலர் வந்தனர். எவ்வளவு முயன்றும் பனைமேட்டில் பதினேழு பேர் குறைகிறார்கள். உமது குழுவில் நீர் உள்படப் பதினொருவர். பெருங்காடனார் குழுவில் அவர் உள்பட அறுவர். கூட்டிப் பார்த்து நாம் மெய்சிலிர்த்தோம். துடுப்பு பற்றிப் பத்தொன்பது மாதம் இடையறாது சிந்தித்தவர்கள் இந்நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பனைமேட்டுத் துறையாரும் துடுப்பு நாட்டி உங்களைத் தெரிந்தெடுத்தனர். எனவே நீங்கள் பதினேழு பேரும் நாளைப் பொழுது விடிந்ததும் பனைமேட்டுத் துறையில் நின்று பயிற்சி தொடங்குவீராக. மறுப்பீராயின் முறைப்படி விண்ணப்பம் செய்யலாம்; அதை ஆராய ஒரு குழு அமைத்து, ஆடி கழிந்தபின் அமரச் சொல்கிறோம்.

உமக்கு ஒதுக்கப்பட்டது சேந்தியின் ஓடம். ஆடி முதல் நாள் காலை, ஆறு சிவந்து கரை தொட்டு ஓடும்போது, உம் கையிலும் ஒரு துடுப்புத் தரப்படும். இன்று ஓடம் விடலாமா வேண்டாமா என்று உம்மையும் கேட்பார்கள். தண்ணீரை நன்றாகப் பார்த்துவிட்டு நாட்டும். உமது துடுப்பும் ஒன்றாகவே எண்ணப்படும், எண்ணுபவள் அவள்.

இதை முழுதும் படித்துப் பார்த்தபின் எம் கையால் முத்திரை இட்டோம். பனைமேட்டுத் துறை, ஆனித் திங்கள் பதினான்காம் நாள். இதன்படி நடக்க.